இரவல் மொழியா, உரிமை மொழியா?

ஒரு மொழியைக் கற்ற வரலாற்றையே பொருளாகக் கொண்டு முழு நூல் ஒன்று எழுதப்படுவது அரிது. அவ்வகையில் ஜும்பா லாஹிரி அம்மையார் இத்தாலிய மொழியில் எழுதி 2015-ஆம் ஆண்டு வெளிவந்த ‘இன் ஆல்த்ரே பரோலே’ என்னும் நூல் கருதத்தக்கது. ‘வேறு சொற்களில்’ என்பது அத்தலைப்பின் பொருள். மறு ஆண்டே அதன் ஆங்கிலப் பதிப்பு, ஒரு பக்கத்தில் இத்தாலியமும் எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலமுமாக வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் ஆன் கோல்ட்ஸ்டீன் என்பார். நூலாசிரியை ஆங்கிலம் அறியாதவர் அல்லர். ஆங்கிலச் சிறுகதைகளுக்காக 2000-ஆம் ஆண்டின் புலிட்சர் பரிசைப் பெற்றவர். அத்தகையவர் தம் நூலைத் தாமே ஆங்கிலமாக்க மறுத்துப் பிறர் கையில் ஒப்படைத்தார் என்பதே நம்மை இந்நூலின்பால் முதலில் ஈர்த்தது.

அம்மையார் 1967-இல் லண்டனில் வங்காளப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் வளர்ந்தவர். வீட்டில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம். 1994-இல் தம் தங்கையுடன் ஃபுளோரன்ஸ் நகருக்குச் சில நாட்கள் சென்றபோது, காதில் விழுந்த இத்தாலியம் தமக்கெனவே காத்திருந்ததுபோல் தோன்றியது என்கிறார். அன்று கையில் இருந்தது ஒரு சிறு அகராதி மட்டுமே. அமெரிக்கா திரும்பியபின் ஆசிரியர் பலரிடம் தனிப்பாடம் கேட்டார். ஆண்டுகள் உருண்டன, மொழி வசப்படவில்லை. பாடம் நடக்கும் மணி நேரத்தில் வாழ்ந்த மொழி, கதவைத் திறந்து தெருவில் இறங்கியதும் மறைந்தது. இறுதியில் 2012-இல், தம் 45-ஆம் வயதில், கணவரும் இரு பிள்ளைகளும் உடன்வர உரோமாபுரிக்கே குடிபெயர்ந்தார். புறப்படுவதற்கு ஆறு திங்களுக்கு முன்பே ஆங்கில நூல் வாசிப்பதையும் நிறுத்திக்கொண்டார்.

நூலின் முதற்பாதி இந்த உழைப்பின் கணக்கு. காட்டில் கூடையுடன் சுள்ளி பொறுக்குபவரைப்போலத் தாம் சொல் பொறுக்கிய விதத்தை அம்மையார் எழுதும் இடம் மிக நன்று. வாசிக்கும்போது அறியாத சொல்லுக்கு அடிக்கோடிட்டு, ஓரத்தில் பொருளெழுதி, பின்பு குறிப்பேட்டில் சேர்க்கிறார். சேர்த்ததில் பெரும்பகுதி மறந்துபோகிறது, மீண்டும் சேர்க்கிறார். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. நம் பழைய கிதாபுகளின் ஓரங்களைப் பாருங்கள். தமிழ்ப் பொருள் அரபெழுத்தில் பொடிப்பொடியாக எழுதப்பட்டிருக்கும். ஒரே சொல்லுக்கு மூன்று இடங்களில் பொருள் எழுதிய மாணவனும் உண்டு. அவன் மூன்று முறை மறந்தான் என்பதற்கு அந்த ஓரமே சாட்சி.

அயல்நாட்டார்க்கு இத்தாலியம் கற்பிக்கவென்றே அந்நாட்டில் நிலையங்கள் உள்ளன. சியேனா நகரில் 1917 முதலும், பெரூஜா நகரில் 1921 முதலும் இவ்வகுப்புகள் நடந்துவருகின்றன. பெரூஜாவிலுள்ளது 1925-இல் அரசாணை பெற்றது. இன்று இரண்டுமே ‘அயலார் பல்கலைக்கழகம்’ என வழங்கப்படுகின்றன. வந்து சேரும் மாணவனைத் தேர்வு வைத்து, அவன் தரத்துக்கேற்ற படியில் உட்கார வைப்பர். அடிநிலை இரண்டு, இடைநிலை இரண்டு, உயர்நிலை இரண்டு என ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான ஆறு படிகள். ஒரு பலகையில் சீனர், அடுத்ததில் பிரேசிலியர், அதற்கடுத்ததில் நம் கேரளத்துக் கன்னியாஸ்திரீ என்று இருந்தால் ஆசிரியர் எம்மொழியில் விளக்குவார்? ஆகவே முதல் நாளிலிருந்தே இத்தாலியத்தை இத்தாலியத்தாலேயே கற்பிக்கின்றனர். கட்டாயத்தால் பிறந்த இம்முறைதான் அதன் வலிமையும் ஆகும். அம்மையாரின் வழி இவ்வகுப்புகள் அன்று. தனி ஆசிரியர்களும் உரோமின் தெருக்களுமே அவருக்குப் பள்ளி. எனினும் அடிப்படை ஒன்றே. மொழியின் ஊருக்கே போய், அம்மொழியன்றி வேறு போக்கிடம் இல்லாதபடி தம்மை நிறுத்திக்கொள்வது.

நம் சேலம், நாமக்கல் வட்டாரக் கல்லூரிகளில் பயின்று ஐரோப்பாவுக்குப் போக விழையும் பிள்ளைகளின் பெற்றோர், ‘பாடம் ஆங்கிலத்தில்தானே’ என்று ஆறுதல் கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். வாடகை வீட்டுக்காரரும் மருந்துக்கடைக்காரரும் ஆங்கிலத்தில் இருப்பதில்லை. நீண்டகாலம் குடியிருக்க அனுமதி வேண்டுவோர் அடிநிலையின் இரண்டாம் படியையும், குடியுரிமை வேண்டுவோர் 2018 முதல் இடைநிலையின் முதற்படியையும் எட்டியிருக்க வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம்.

தமிழனுக்கு இம்மொழி அத்துணை அச்சமூட்டுவதும் அன்று. ‘பாலா’ என்றால் மண்வெட்டி, ‘பால்லா’ என்றால் பந்து. ‘நோனோ’ ஒன்பதாவது, ‘நோன்னோ’ பாட்டனார். ஒற்று இரட்டித்தால் பொருள் மாறுகிறது. படத்துக்கும் பட்டத்துக்கும் வேறுபாடு அறிந்த நம் குழந்தைக்கு இது சிரமமா? ஆங்கிலேயர்தாம் திணறுவர். ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதுபோலவே அவர்களும் ‘மி பியாச்சே’ என்கின்றனர். அம்மையாரைப் பெரிதும் வாட்டியது இறந்தகாலத்தின் இருவகை. முடிந்துபோன வினைக்கு ஒரு வடிவம். தொடர்ந்தோ வழக்கமாகவோ நடந்ததற்கு இன்னொன்று. ‘எழுதினேன்’ என்பதற்கும் ‘எழுதிக்கொண்டிருந்தேன், எழுதுவது வழக்கம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. நஹ்வு ஓதியவர்கள் ‘ஃபஅல’ என்பதையும் ‘கான யஃப்அலு’ என்பதையும் நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். இரண்டாம் வகைக்கு இத்தாலிய இலக்கணத்தில் ‘நிறைவுறாதது’ என்று பெயர். அம்மையார் அப்பெயரையே தம் நிலைக்கு உவமையாக்கி ஓர் இயல் எழுதியிருக்கிறார். இலக்கணக் குறியீடு ஒன்று மனிதரின் வாழ்வைச் சொல்லும் குறியீடாக உயர்வது எளிதில் வாய்ப்பதன்று, அங்கு வாய்த்திருக்கிறது.

சொற்களிலும் நமக்கு உறவு உண்டு. ஹிஜ்ரி 212-இல், அதாவது கி.பி. 827-இல் அரபியர் சிசிலித் தீவில் இறங்கினர். 1091-இல் நார்மானியர் அதனை முழுதும் கைக்கொள்ளும்வரை அரபு அங்கே கோலோச்சியது. அதன்பின்னும் 1154-இல் இத்ரீஸி தம் புவிநூலைச் சிசிலியின் கிறித்தவ மன்னர் ரோஜருக்காக அரபிலேதான் எழுதினார். ஆகவே இத்தாலியர் சர்க்கரையைச் சொல்லும் ‘த்ஸுக்கெரோ’ நம் ‘சுக்கர்’. பருத்தியைச் சொல்லும் ‘கொத்தோனே’ நம் ‘குத்ன்’. சுங்கச் சாவடியான ‘தோகானா’ நம் ‘திவான்’. நம் வீட்டுப் பெண்டிர் ‘பாவம், மிஸ்கீன்’ என்று இரங்கிச் சொல்லும் அச்சொல்லே அங்கே ‘மெஸ்கீனோ’ ஆகி, அற்பன் என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. பண்டகசாலையைக் குறிக்கும் ‘மக்ஸன்’ இத்தாலியத்தில் ‘மகத்ஸீனோ’ ஆகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்து ‘மேகஸின்’ ஆயிற்று. நேயர்கள் கையிலிருக்கும் இத்திங்களிதழும் அந்தக் கிடங்கின் கிளையே. இலத்தீன் பயின்றவரும், இத்தாலிய மாளிகைகள் ஆங்கில நாடகங்களில் இடம்பெற்ற விதத்தை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவருமான அம்மையார், இவ்வுறவின் பக்கம் திரும்பாதது நமக்குச் சிறு ஏமாற்றம்.

இந்நூலை வாசிக்க வாசிக்க நம் நெஞ்சில் எழுந்த கேள்வி ஒன்று. ஏழாண்டுகள் ஸர்பும் நஹ்வும் ஓதி, அல்ஃபிய்யாவை மனனமாக ஒப்பிக்கும் நம் பட்டதாரி, விமான நிலையத்தில் ஓர் அரபியர் வழி கேட்டால் நாத்தடுமாறுகிறார். நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்து ரியாத் சென்ற ஓட்டுநரோ, ஓர் எழுத்தும் ஓதாமல், இரண்டே ஆண்டில் அரபியரோடு வாதாடி வாடகை பேசுகிறார். அவரிடம் இஃராபு இல்லை. ஆனால் மொழி இருக்கிறது. இவரிடம் இஃராபு முழுதும் இருக்கிறது. இவருள் யாருக்கு அரபு தெரியும்? அம்மையாரின் நூல் இதற்கு விடையளிக்கும் என்று எதிர்பார்த்தோம். அவர் விடை கூறவில்லை எனினும், அவர் வாழ்ந்துகாட்டிய வழியில் விடை இருக்கிறது. இருபதாண்டு அகராதிப் பயிற்சி இல்லாமல் அவர் உரோமுக்குப் போயிருந்தால் கடைவீதிப் பேச்சோடு நின்றிருப்பார். உரோமுக்குப் போகாமல் அகராதியோடு இருந்திருந்தால் இந்நூலே இல்லை.

நம் முன்னோரும் இதை அறிந்திருந்தனர். இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்கள் இளமையில் ஹுதைல் கோத்திரத்தாருடன் பாலையில் தங்கித் தூய அரபைப் பெற்றார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அரபு அன்னாருக்குத் தாய்மொழி, ஆயினும் போனார்கள். ஸீபவைஹியோ பாரசீகர். பஸராவில் ஹதீஸ் ஓதுகையில் ஒரு சொல்லைப் பிழையாக உச்சரிக்க, ஆசிரியர் ஹம்மாத் திருத்தினார் என்றும், இனி எவரும் தம்மைத் திருத்த இயலாத அறிவைத் தேடுவதாகச் சொல்லி அவர் கலீலிடம் சென்றார் என்றும் கூறுவர். அந்தப் பாரசீகர் எழுதிய ‘அல்கிதாப்’ அரபியருக்கே இலக்கணமாயிற்று. வெளியிலிருந்து வருபவன் வாசலை உற்றுப் பார்ப்பான். உள்ளே பிறந்தவனுக்கு அது கண்ணில் படுவதில்லை.

உரோமாபுரிக்கு மொழி தேடிப் போன இவ்வம்மையாரைப் படிக்கும்போது, உரோமிலிருந்து மொழி தேடி நம் மண்ணுக்கு வந்தவர்களை நினையாதிருக்க முடியாது. 1577-இல் உரோமில் பிறந்த ராபர்ட் டி நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றுத் ‘தத்துவ போதகர்’ என்ற பெயர் பூண்டார். 1623-இல் வடக்கு நோக்கிப் புறப்பட்டுத் திருச்சி வழியே, கொல்லிமலை அடிவாரத்தில் இராமச்சந்திர நாயக்கர் ஆட்சியிலிருந்த நம் சேந்தமங்கலத்தை அடைந்து, அங்கிருந்து சேலத்துக்கும் வந்தார். நாமக்கல்லிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய அந்த ஊரின் தெருக்களில், நானூறு ஆண்டுகளுக்குமுன் ஓர் உரோமர் தமிழ் பேசிக்கொண்டு நடந்தார் என்பதை அவ்வூர்ப் பிள்ளைகளில் எத்தனைபேர் அறிவர்?

அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்வந்தவர் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர். இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680-இல் பிறந்தவர். முப்பது வயதுக்குமேல் தமிழ் தொடங்கியவர். தேம்பாவணி பாடினார், தொன்னூல் விளக்கம் எழுதினார், 1732-இல் சதுரகராதி செய்தார். திருச்சியில் சந்தா சாகிபைக் கண்டு உரையாட உருதுமொழியை மூன்றே திங்களில் கற்றார் என்றும், நவாபு மகிழ்ந்து ‘இஸ்மத் சந்நியாசி’ என்று பட்டமளித்தார் என்றும் ஒரு கதை உண்டு. இஸ்மத் என்பது தூய்மையைக் குறிக்கும் அரபுச் சொல். பட்டம் அழகாகத்தான் இருக்கிறது. மூன்று திங்கள் கணக்கை மட்டும் எந்த உஸ்தாதும் ஒப்பமாட்டார்.

இவ்விருவரும் தம் மதத்தைப் பரப்பும் நோக்கில் வந்தவர்கள். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மொழி கற்பவன் என்ற அளவில் பார்த்தால் ஒரு வேறுபாடு புலனாகிறது. அவர்களுக்குத் தமிழ் தேவையாயிருந்தது. பேச வேண்டிய மக்கள் எதிரில் நின்றனர். ஆகவே நூல்களில் மக்கள் இருக்கின்றனர். பரமார்த்த குருவின் சீடர் மூடத்தனங்களில் நம் ஊர்ப் பேச்சு ஒலிக்கிறது. லாஹிரி அம்மையாருக்கு இத்தாலியம் தேவையன்று, விருப்பம். அவரே அதைப் பலமுறை சொல்கிறார். அதனாலோ என்னவோ நூலில் அவர் மட்டுமே இருக்கிறார். தம் மனம், தம் தயக்கம், தம் குறிப்பேடு. ஏரியை நீந்திக் கடத்தல், பாலம், சாரக்கட்டு, கைக்குழந்தை என உவமைமேல் உவமையாக அடுக்குகிறார். பலாகா எனும் அணியிலக்கணம் ஓதியோர், நல்ல உவமை ஒன்று நின்று விளங்குமிடத்தில் மற்றொன்றைக் கொண்டுவருவதைக் குறை என்றே கொள்வர். அம்மையாரின் இத்தாலிய வாக்கியங்கள் குறுகியவை, எளியவை, அவ்வெளிமை நன்று. ஆங்கிலத்தில் அவருக்கிருந்த கூர்த்த கதைமாந்தர் பார்வையை அவ்வெளிமைக்கு விலையாகக் கொடுத்துவிட்டாரோ என்பதே நம் ஐயம்.

தேவையால் அம்மொழியைக் கற்றவர்களும் அந்நாட்டில் இருக்கின்றனர். சிசிலியின் பலெர்மோ நகரில், இலங்கைப் போரின் காரணமாக 1980-களிலிருந்து குடியேறிய தமிழர் பலர் வாழ்கின்றனர். பெரும்பாலோர் வீட்டுவேலைக்குச் சென்றவர்கள். அடுக்களையில் எசமானியம்மாள் சொல்லச் சொல்ல, துடைப்பத்துக்கும் தட்டுக்கும் பெயர் கற்றவர்கள். உரோமிலேயே வங்காளதேச மக்கள் பெருந்தொகையினராய்க் கடை வைத்து வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது அம்மையாரின் வீட்டுமொழி. இந்நூலில் அவர்களுக்கு இடம் ஏறக்குறைய இல்லை. ஆங்கிலத்தைத் துறத்தல் அம்மையாருக்கு ஒரு விடுதலை. துறப்பதற்கு ஏதுமில்லாதவனின் மொழிப்பயிற்சி வேறொன்று.

இத்துணை குறை கூறினாலும், ‘சுவர்’ என்னும் ஓர் இயலுக்காகவே இந்நூலை ஒவ்வொரு வீட்டிலும் வாசிக்கலாம் என்போம். சலெர்னோ நகரில் ஒரு துணிக்கடை. அம்மையார் நெடுநேரம் இத்தாலியத்தில் பேசிப் பொருள் பார்க்கிறார். பின்னர் அவர் கணவர் வந்து இரண்டொரு சொல் பேசுகிறார். கடைக்காரப் பெண் உடனே, உங்கள் கணவர் இத்தாலியர்தாமே, எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்கிறாள். கணவர் அமெரிக்கர்; அவருடைய இத்தாலியம் மனைவியினுடையதைவிடக் குறைவு. ஆனால் பெயர் ஆல்பெர்த்தோ, முகம் அந்நாட்டு முகம். அவ்வளவுதான். இதனினும் கொடியது அடுத்தது. கல்கத்தாவில், தாய்தந்தையரின் ஊரில், அவர் வங்காளத்தில் பேசினாலும் எதிரிலிருப்போர் ஆங்கிலத்தில் மறுமொழி கூறுகின்றனர். முகத்தைப் பார்த்தே காது மூடிக்கொள்கிறது.

இவ்வியலைப் படித்து முடித்துப் புத்தகத்தைச் சற்றுநேரம் மூடி வைத்தோம். ‘பாய், தமிழ் நல்லாப் பேசுறீங்களே!’ என்ற பாராட்டைக் கேளாத தமிழ் முஸ்லிம் நம்மில் யார்? தொப்பியும் தாடியும் கண்டவுடன், அல்லது பெயரைக் கேட்டவுடன், நம் மொழி உருது என்று முடிவாகிவிடுகிறது. சேலத்தில் உருது பேசும் குடும்பங்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தமிழன்றி வேறறியாத குடும்பங்களும் உண்டு. இருவரும் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்கின்றனர். உருது பேசுவோரும் இம்மண்ணில் பிறந்து தமிழில் வாணிகம் செய்து தமிழில் வழக்காடுபவர்களே. முப்பதாண்டு தமிழ் கற்பித்த ஆசிரியரிடமும், விழா மேடையிலிருந்து இறங்கியதும், நீங்கள் தமிழை எங்கே கற்றீர்கள் என்று அன்போடு கேட்கின்றனர். கேட்பவர் மனத்தில் வஞ்சம் இல்லை. அதனால்தான் மறுமொழி சொல்வது கடினமாயிருக்கிறது.

இலக்கிய வரலாறுகளைப் புரட்டுங்கள். தேம்பாவணியும் சீறாப்புராணமும் அடுத்தடுத்த சிறு பிரிவுகளில் ‘பிற சமய இலக்கியம்’ என்ற நிழலில் வைக்கப்பட்டிருக்கும். பெஸ்கி முப்பது வயதுக்குமேல் தமிழ் கற்ற இத்தாலியர். எட்டயபுரத்து உமறுப்புலவருக்கோ அது தொட்டில் மொழி. முன்னவர் தமிழில் காப்பியம் செய்தது வியப்பு; வியக்கலாம். பின்னவர் செய்தது வியப்பன்று, இயல்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரேவகையில் வியக்கும்போது, உமறு தம் வீட்டிலேயே விருந்தாளியாகிவிடுகிறார். லாஹிரி அம்மையாருக்கு நேர்ந்த சுவர் இதுதான். அவருக்குக் கடையில் நேர்ந்தது, நமக்குப் பாடநூலிலும் நேர்கிறது.

அம்மையார் இச்சுவரின் முன் நின்று, தமக்கு எந்த மொழியும் முழுச் சொந்தமில்லை என்ற முடிவுக்கு வருகிறார். வங்காளம் எழுதப் படிக்கத் தெரியாது, ஆங்கிலம் மாற்றாந்தாய், இத்தாலியம் தாமே தேடிக்கொண்டது. ஆகவே நாடு கடத்தப்பட்டவராகத் தம்மைக் கருதுகிறார். இங்கு நாம் அவரோடு உடன்பட இயலவில்லை. கடைக்காரப் பெண்ணின் அறியாமை மொழியின் உரிமையைத் தீர்மானிக்குமானால், ஸீபவைஹிக்கு அரபில் உரிமை இல்லை. தொப்பி அணிந்தவனுக்குத் தமிழில் உரிமை இல்லை என்று எவரேனும் எண்ணினால் அதனை ஏற்றுக்கொண்டு துயருறுவது நம் வேலை அன்று. அவர் எண்ணம் பிழை என்று அவருக்கும் விளங்கும் தமிழிலேயே சொல்லிவிடலாம். அம்மையாரும் உண்மையில் செய்தது அதையேதான். சுவரைப் பற்றிய அவ்வியலை அவர் இத்தாலிய மொழியில் எழுதி, இத்தாலியர் கையிலேயே கொடுத்துவிட்டார். துயரத்தை அடுக்கிய பக்கங்களில் இச்செயலின் மிடுக்கை அவரே கவனிக்கவில்லை.

அதன்பின் அவர் நிற்கவில்லை. 2018-இல் இத்தாலியத்திலேயே ஒரு நாவல் எழுதினார். 2021-இல் அதனைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஆறாண்டுகளுக்குமுன் மறுத்த காரியத்தை மனமொப்பிச் செய்தார் எனில், இரு மொழிகளுக்கும் இடையே அவருக்கிருந்த பிணக்கு தணிந்திருக்க வேண்டும். 2022-இல் வெளிவந்த ‘உரோமைக் கதைகள்’ தொகுப்பில்தான் நாம் தேடிய மக்கள் வந்து சேர்கின்றனர். அயல்நாடுகளிலிருந்து வந்து அந்நகரின் ஓரங்களில் வாழ்வோர், பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பேணுவோர், தெருவில் ஏச்சுக் கேட்போர். அவற்றுள் ஒன்று, அண்டை வீட்டாரின் வெறுப்பால் தம் குடியிருப்பிலிருந்து விரட்டப்படும் ஒரு குடும்பத்தின் கதை. ஆங்கிலத்தில் அடுத்த ஆண்டே கிடைக்கத் தொடங்கிய அத்தொகுப்பிலிருந்து அவ்வொரு கதையையேனும் நம் நேயருள் ஆங்கிலமறிந்த இளைஞர் எவரேனும், முறையான அனுமதி பெற்றுத் தமிழாக்கி அனுப்பினால், இவ்விதழின் பக்கங்களில் இடம் தருமாறு ஆசிரியரை வேண்டிக்கொள்ள நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.